மேற்கோளும் திருட்டும் ஒன்றல்ல: என் உறுமி மேளக் கட்டுரை பட்ட பாடு

சமயம், தத்துவம், இலக்கியம், கலை, மக்கள் இசை என்று எதைப் பற்றியாவது தமிழில் பட்டப்படிப்புக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கு. பல்கலைக்கழகத்துக்கு வெகுதூரத்தில், தோட்டப்புற ஊர்களில் இருந்துகொண்டு, ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லாமல் எழுதுகிறவர்களுக்கு. என் இறுதியாண்டு ஆய்வேட்டைக் கருத்துத் திருட்டு என்று சொல்லி நிறுத்தி வைத்தார்கள். அது என் சொந்த உழைப்பு என்று மெய்ப்பிக்க எனக்கு ஓராண்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. அந்தக் காலம் முழுவதும் "இதைக் கேட்டு வாங்கு, அதை எடுத்து வை" என்று சொல்ல ஒருவரும் இல்லை. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி வேதனை குறைந்திருக்கும் என்பதால்தான் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற வழியில் வரும் ஊர். மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். 1948 ஜூன் மாதம் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட, நாட்டில் அவசரகாலம் பிறப்பதற்குக் காரணமான ஊர். என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்குப் பால்மரக் காடுதான், அதாவது ரப்பர் தோட்டம்தான், எல்லாம். நான் பிறந்தது லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள், ஆட்கள் குறைந்தார்கள், லயங்கள் காலியாகின. நாங்களும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துவிட்டோம். தோட்டத்துக் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் இன்னும் இருக்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்கு எங்கெங்கோ போய்விட்டவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள். நான் ஒரு கிளினிக்கில் முகப்பு வேலை பார்க்கிறேன். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் பட்டப்படிப்பில் சேர்ந்தேன்.

படிப்பில் ஒவ்வொரு தவணைக்கும் கட்டுரைகள் இருந்தன. முனியாண்டி வழிபாட்டுக்கும் ஆகமக் கோயில் வழிபாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதினேன். பதி, பசு, பாசம் என்று சைவ சித்தாந்தம் சொல்வதை எழுதினேன். சிவஞானபோதத்தின் பன்னிரண்டு நூற்பாக்களோடு மல்லுக்கட்டிய அந்த இரவுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைப் பற்றி எழுதினேன். எல்லாம் நல்லபடியாகவே போயிற்று. கடைசி ஆண்டில் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டபோது, இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் பொருள் என் வாசலிலேயே இருப்பது தெரிந்தது. அது உறுமி மேளம்.

இந்த நாட்டில் உறுமி மேளத்தைச் சாதாரணமாக நினைக்க முடியாது. தோட்டத்துப் பிள்ளைகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் குழு அமைப்பார்கள். ஒரே மாதிரிச் சட்டை தைத்துக்கொள்வார்கள். திருவிழாவுக்குத் திருவிழா போய் வாசிப்பார்கள். காவடி எடுப்பவருக்கு அருள் வருவதற்கு அந்த ஓசைதான் வழி என்று நம்புகிறவர்கள் ஏராளம். அதே உறுமியில் சினிமாப் பாட்டு மெட்டும் வரும், கல்யாண ஊர்வலமும் போகும், சாவு வீட்டுக்கும் வாசிப்பார்கள். தைப்பூசத்தில் பக்திப் பாடல் அல்லாதவற்றை வாசிக்கக் கூடாது என்று கோயில் நிர்வாகங்கள் அறிவிப்புச் செய்வதும், இளைஞர்கள் அதற்கு முணுமுணுப்பதும் அடிக்கடி நடக்கிற கதை. எது வழிபாடு, எது கேளிக்கை என்ற அந்தச் சண்டையே ஓர் ஆய்வுக்குப் போதும். பத்து மலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. எங்கள் பேராக் மக்களுக்கு ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயில். இந்தப் பெரிய கோயில்களைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. செம்பனைக்கு நடுவே நிற்கும் சின்னக் கோயிலில் உறுமி என்ன செய்கிறது என்பதைத்தான் நான் எழுத விரும்பினேன்.

எனக்கு முதலில் கிடைத்த மேற்பார்வையாளர் நல்லவர். தலைப்பைக் கேட்டதும் மகிழ்ந்தார். "போய் ஆட்களைப் பாருங்கள் அம்மா, புத்தகம் பிறகு" என்றார். அவர் சொன்னபடி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். யாரைப் பார்த்தேன், எந்தத் தேதி, எந்த இடம், என்ன சொன்னார், ஒலிப்பதிவின் கோப்புப் பெயர் என்ன என்று ஒவ்வொன்றையும் அன்றிரவே எழுதி வைத்தேன். அந்த நோட்டுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: வாய்மொழியாக எதையாவது சேகரிக்கிறவர்கள் கைப்பேசிப் பதிவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கையால் எழுதிய குறிப்பு வேண்டும், தேதி வேண்டும். பேசுகிறவரிடம் "உங்கள் பேச்சைப் பதிவு செய்து என் படிப்புக்குப் பயன்படுத்தலாமா" என்று கேட்டு, அவர் சம்மதம் சொல்வதையும் பதிவின் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கும் பெரியவர்கள் வாயால் சொல்லத் தயங்க மாட்டார்கள். பதிவுகளை அன்றே வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்.

நான் பார்த்தவர்களில் ஒரு தாத்தா. தோட்டத்தில் முப்பது நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் (பட்டையை உளியால் சீவிப் பால் எடுப்பதை அப்படித்தான் சொல்வோம்), அதே காலம் முழுவதும் கோயிலில் உறுமி வாசித்தவர். உறுமிக்கு நடுவில் இடுப்பு சிறுத்திருக்கும், இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிக்க வேண்டும். மறு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் பிறக்கிறது. தாத்தா என் கையைப் பிடித்து வளைந்த குச்சியைத் தோலின் மேல் வைத்து அழுத்தினார். நான் தேய்த்தபோது கீச்சென்று ஒரு சத்தம் வந்ததே தவிர உறுமல் வரவில்லை. "மணிக்கட்டை விடு, தோள்லருந்து வா. மரம் வெட்டுறப்ப உளியை இழுப்போமே, அந்த மாதிரி" என்றார். பட்டையில் ஒரே சீராக, ஆழம் தப்பாமல் உளியை இழுத்த அதே கை, மாலையில் கோயிலில் உறுமியைத் தேய்த்திருக்கிறது. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுக்க அந்த ஒரு மாலையிலிருந்து வந்தது.

இன்னொருவர் ஒரு பாட்டி. கப்பலேறி வந்து பால்மரம் வெட்டிப் பட்ட பாட்டைச் சொல்லும் தோட்டப் பாடல் ஒன்று இந்த நாட்டில் பல இடங்களில் வழங்குகிறது. தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிக் கொண்டுவந்த காலத்துப் பாட்டு அது. 1938இல் இந்திய அரசு அப்படிக் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகும் பாட்டு நிற்கவில்லை. பாட்டி பாடிய வடிவத்தில் எங்கள் தோட்டத்து ஆறு வரும், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களம் வரும், அவர் காலத்து மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) ஒருவரைத் திட்டும் வரியும் வரும். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நடுவில் இருமினார், தண்ணீர் கேட்டார், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். எல்லாம் பதிவில் இருக்கிறது.

ஆய்வேடு பாதி எழுதி முடிந்தபோது மேற்பார்வையாளர் வேறு பணிக்கு மாறிப் போனார். போவதற்கு முன் "முதல் இரண்டு இயல்களை முன்வரைவாக இணையத்தில் ஏற்றிவிடுங்கள், ஒப்புமை எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்" என்றார். ஏற்றும் கட்டுரையின் சொற்கள் வேறு எழுத்துகளோடு எத்தனை விழுக்காடு ஒத்துப்போகின்றன என்று கணக்கிடும் மென்பொருள் அது. ஏற்றினேன். அப்போது பிரச்சினை ஏதும் இல்லை. அடுத்து வந்தவர் தொடக்கத்திலிருந்தே இந்தத் தலைப்பில் மனம் ஒட்டாதவராக இருந்தார். "மேளம் அடிப்பதெல்லாம் இலக்கியத்துக்குள் வருமா? சங்க இலக்கியத்தில் ஏதாவது எடுத்திருக்கலாமே" என்று கேட்டார். தேவாரமே பண்ணோடு பாடப்பட்ட இசைதான், பக்தியையும் பாட்டையும் பிரித்தால் நமக்கு என்ன மிஞ்சும் என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அப்பருடைய 'மாசில் வீணையும்' பாடலைக் காட்டி ஓர் இயலையே தொடங்கியிருந்தேன். இறைவனின் திருவடி நிழலுக்கு முதல் உவமையாக வீணையைச் சொன்னவர் அவர். அதைப் படித்துவிட்டுப் பறையையும் உறுமியையும் வெளியே நிறுத்துவது எப்படி என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

ஆய்வேட்டை முடித்து ஏற்றினேன். சில வாரங்கள் கழித்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது, மலாயில், ஒரே பக்கம். ஒப்புமை 47 விழுக்காடு, அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிவிட்டது, தேர்ச்சிப் புள்ளி நிறுத்தி வைக்கப்படுகிறது, விசாரணைக்கு அழைக்கப்படுவீர்கள். கிளினிக் முகப்பில் நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது படித்தேன். அடுத்த எண்ணைக் கூப்பிட வாய் வரவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தோட்டத்திலிருந்து பட்டம் வாங்கப் போகிற பிள்ளை என்று அப்பா கோயிலில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். திருட்டு என்ற சொல் அவர் காதில் விழுவதை நினைத்தால் எனக்கு மூச்சு அடைத்தது. ஊர் சிறியது. ஒரு வீட்டில் சொன்னால் மாலைக்குள் சந்தைக்கு வந்துவிடும். அந்தக் கூச்சத்தால் நான் உதவி கேட்காமல் இருந்த வாரங்கள் வீணாய்ப் போயின என்றாலும், அந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கடிதத்தின் தொனி அப்படி.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது முழு ஒப்புமை அறிக்கை. விழுக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டு எதற்கும் பதில் எழுதாதீர்கள், வருத்தக் கடிதம் எழுதச் சொன்னாலும் எழுதாதீர்கள். ஒப்புமை வேறு, திருட்டு வேறு. ஒரே மாதிரியான சொற்கள் வேறு எங்கே இருக்கின்றன என்பதை மட்டுமே அந்த மென்பொருள் காட்டுகிறது. எடுத்தவர் ஆதாரம் சொல்லி எடுத்தாரா, திருடினாரா என்று முடிவு செய்ய வேண்டியது மனிதர். எனக்கு முழு அறிக்கையைத் தர அலுவலகத்தில் தயங்கினார்கள். "விசாரணையன்று காட்டுவோம்" என்றார்கள். எழுத்து மூலம் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் கிடைத்தது. தொலைபேசியில் கேட்டால் பதிவு இருக்காது. ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலில், பணிவாக, தேதி போட்டுக் கேளுங்கள்.

அறிக்கையை அச்செடுத்து மேசையில் பரப்பினேன். பக்கம் பக்கமாகச் சிவப்பு, ஊதா, பச்சை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண், எண்ணுக்கு நேரே ஆதாரம். பெரிய சிவப்புப் பகுதிக்கு நேரே 'மாணவர் கட்டுரை' என்று போட்டு எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரே இருந்தது. யாருடைய கட்டுரையை நான் பார்த்து எழுதினேன் என்று எனக்கே புரியவில்லை. வரிகளை ஒப்பிட்டபோதுதான் விளங்கியது: அது என்னுடைய முன்வரைவு. பழைய மேற்பார்வையாளர் சொல்லி ஏற்றிய அந்த இரண்டு இயல்களும் மென்பொருளின் கிடங்கில் போய் உட்கார்ந்துவிட்டன. புதியவருடைய வகுப்புக் கணக்கில் முழு ஆய்வேட்டை ஏற்றியதும், யாரோ ஒருவரின் கட்டுரையோடு ஒத்துப்போகிறது என்று அது காட்டிவிட்டது. 47இல் 26 விழுக்காடு இதுவே. ஆகவே முன்வரைவை ஏற்றச் சொல்லும்போதே உங்கள் விரிவுரைஞரிடம் "கிடங்கில் சேமிக்காத முறையில் அமைத்திருக்கிறீர்களா ஐயா" என்று கேட்டுவிடுங்கள். அப்படி ஓர் அமைப்பு இத்தகைய மென்பொருள்களில் உண்டு. அதைப் போட வேண்டியவர் விரிவுரைஞர், மாணவர் கையில் அது இல்லை. ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருந்தால் அறிக்கையிலிருந்து அந்த ஆதாரத்தை மட்டும் விலக்கிப் பார்க்கவும் அவரால் முடியும். இந்த இரண்டையும் எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லை. நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த 11 விழுக்காடு பாடல்கள். தேவாரம், திருவாசகம், குறள், சில நாட்டுப்புறப் பாடல் வரிகள், உறுமிக்குழு வாசிக்கும் சினிமாப் பாடலின் பல்லவி ஒன்று. இவையெல்லாம், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் முதல் எத்தனையோ இணையப் பக்கங்களில் இருக்கின்றன. 1998இல் தொடங்கிய அந்தத் திட்டம் நமக்குச் செய்தது பெரிய கொடை. ஆனால் அதனாலேயே நம் செய்யுள் எதை எழுதினாலும் மென்பொருள் கண்டுபிடித்துவிடுகிறது. தமிழ் வழக்கப்படி செய்யுளைத் தனி வரிகளாக, உள்ளே தள்ளி எழுதுகிறோம். மேற்கோள் குறி போடுவதில்லை. என் அறிக்கையில் இரட்டை மேற்கோள் குறிக்குள் இருந்த வரிகள் விலக்கப்பட்டிருந்தன, குறி இல்லாத செய்யுள்கள் எல்லாம் நிறம் பூசப்பட்டிருந்தன. எனவே பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் செய்யுளுக்கும் இரட்டை மேற்கோள் குறி போடுங்கள். பதிப்பகத்தின் பக்க எண் மட்டும் போதாது, பாட்டின் எண்ணையும் கொடுங்கள். குறளுக்குக் குறள் எண். திருமுறைக்குத் திருமுறை, பதிகம், பாடல் என்று மூன்று எண்கள். 'மாசில் வீணையும்' என்றால் 5.90.1. எந்தப் பதிப்பைக் கையில் வைத்திருப்பவரும் இந்த எண்ணைக் கொண்டு பாட்டைக் கண்டுபிடிக்கலாம். தமிழ் தெரியாத ஒருவர்கூட இது ஆதாரம் காட்டப்பட்ட வரி என்று புரிந்துகொள்வார்.

மக்கள் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர், ஆண்டு நான்கையும் எழுதுங்கள். மறு ஆக்கம் என்றால் மூலத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். 2006இல் நம் நாட்டு யோகி பி, நட்சத்ரா குழுவினர் செய்த 'மடை திறந்து' பாட்டைப் பேசினால், அது 1980இல் இளையராஜா இசையில் வந்த சினிமாப் பாடலின் மேல் கட்டப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் கிடக்கும் வரிகளை வெட்டி ஒட்டினால் அங்குள்ள எழுத்துப்பிழையும் உங்களோடு வரும். அந்தப் பிழையே நீங்கள் வெட்டி ஒட்டினீர்கள் என்பதற்குச் சாட்சியாகிவிடும். பாட்டைக் கேட்டு நீங்களே எழுதுங்கள்.

மீதியில் நூற்பட்டியல் 4, முகப்புப் பக்கமும் உறுதிமொழியும் 3. உறுதிமொழியின் வாசகத்தைப் பல்கலைக்கழகமே கொடுத்து, மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தது. எல்லா மாணவரும் அதையே எழுதுகிறார்கள், அதற்கும் ஒப்புமை. இன்னொரு 3 விழுக்காடு 'இவ்வாய்வின் நோக்கம்', 'இவ்வியலில் காணலாம்' போன்ற பொதுத் தொடர்கள். கூட்டிப் பார்த்தால் 47 சரியாக வந்துவிட்டது. அந்த இரவு எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இதைப் பார்க்க ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் போதும், கடிதமே வந்திருக்காது.

விசாரணை கோலாலம்பூரில். சுங்கை சிப்புட்டிலிருந்து ரயில் இருக்கிறது என்பது ஒரு வசதி. ஆனால் காலை நேரத்து விசாரணை என்றால் முந்தின நாளே போய்த் தங்க வேண்டும். தேதி கொடுத்துக் கடைசி நேரத்தில் தள்ளி வைத்தார்கள், அந்த டிக்கெட்டுப் பணம் போனது போனதுதான். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவருக்கும் தமிழ் தெரியாது. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது நிறங்கள் மட்டுமே. தமிழ்க் கட்டுரை எழுதும் நம் எல்லாருக்கும் உள்ள ஆபத்து இதுதான். ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதியவர் வரியைச் சுட்டிக்காட்டி வாதாடலாம். நாம் சுட்டிக்காட்டும் வரி அவர்களுக்கு வெறும் கோடுகள். ஆகவே விசாரணைக்கு முன்பே தமிழ் படிக்கத் தெரிந்த, உங்களோடு தொடர்பில்லாத விரிவுரைஞர் ஒருவரைக் குழுவில் சேர்க்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். முதல் அமர்வில் எனக்கு அப்படி யாரும் தரப்படவில்லை. அந்த அமர்வு குழப்பத்தில் முடிந்தது. நான் எழுதிக் கேட்ட பிறகு இரண்டாம் அமர்வுக்கு ஒருவர் வந்தார்.

இரண்டாம் அமர்வுக்கு நான் கொண்டுபோனவை இவை. அறிக்கையில் நிறம் பூசிய ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அட்டவணை: எந்தப் பக்கம், எந்த வரி, அது என்ன, ஆதாரம் என் கட்டுரையில் எங்கே காட்டப்பட்டிருக்கிறது, மலாயில் ஒரு வரி விளக்கம். பழைய மேற்பார்வையாளர் முன்வரைவை ஏற்றச் சொன்ன மின்னஞ்சல். ஆய்வேட்டின் கோப்பு எப்படி நாளுக்கு நாள் வளர்ந்தது என்று காட்டும் திருத்த வரலாறு; இணையத்தில் சேமிக்கப்படும் கோப்பில் எழுதினால் இது தானாகவே பதிவாகிவிடும், கடைசியில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. களக்குறிப்பு நோட்டு. ஒலிப்பதிவுகள்.

பாட்டியின் பாடல்தான் பெரிய தலைவலியாக இருந்தது. அதன் சில வரிகள் இணையப் பக்கம் ஒன்றில் இருந்தன. "இணையத்தில் இருப்பதை எடுத்துவிட்டு ஒரு பாட்டியிடம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள்" என்று ஒருவர் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாட்டுப்புறப் பாடல் என்றாலே பலர் வாயில் பல வடிவமாக இருப்பதுதான், இணையத்தில் இருப்பது ஒரு வடிவம், பாட்டி பாடியது இன்னொன்று என்று சொன்னேன். பதிவைப் போட்டுக் காட்ட அனுமதி கேட்டேன். பாட்டியின் குரல் அந்த அறையில் கேட்டது, இருமலோடு. தமிழ் தெரிந்த விரிவுரைஞர் இணையப் பக்கத்தையும் என் பக்கத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டு கேட்டார். ஆற்றின் பெயர் வந்தபோது விரலை வைத்தார். மண்டோரைத் திட்டும் வரி வந்தபோது சிரித்துவிட்டார். மற்றவர்களுக்கு மலாயில் விளக்கினார்: இந்த இரண்டு வரிகளும் இணையத்தில் இல்லை, இது வேறு வடிவம், இப்படி ஒரு வடிவம் கிடைத்திருப்பதே இந்த ஆய்வின் பயன். அதற்குப் பிறகு பேச்சின் போக்கே மாறியது. வாய்மொழிப் பாடலைச் சேகரிக்கிறவர்கள், அச்சிலோ இணையத்திலோ அதன் வேறு வடிவம் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் இரண்டையும் அருகருகே வைத்து வேறுபாட்டைக் கட்டுரைக்குள்ளேயே காட்டிவிடுவது நல்லது. சந்தேகத்துக்கும் இடமிருக்காது, ஆய்வும் கனமாகும்.

செலவைச் சொல்கிறேன், பலர் இதைச் சொல்வதில்லை. புள்ளி நிறுத்தப்பட்டதால் அடுத்த தவணைக்கும் பதிவு செய்து வைக்க வேண்டியிருந்தது, அதற்கு 850 ரிங்கிட். ரயில், தங்கல், சாப்பாடு ஏறக்குறைய 400. அறிக்கையை நிறத்தில் அச்செடுக்க, அட்டவணைகளைப் பிரதி எடுக்க, மலாய் விளக்கத்தைச் சரிபார்த்துத் தர 300. சம்பளமில்லா விடுப்பில் போனது 350. மொத்தம் 1,900 ரிங்கிட். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான் என்றால், என்னைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணத்தைவிட வலித்தது நேரம். என்னோடு படித்தவர்கள் பட்டமளிப்பு விழாவுக்குப் போனார்கள், நான் போகவில்லை. சான்றிதழ் கையில் இல்லாததால் ஓர் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பும் கைநழுவியது. உறுமி வாசித்த தாத்தா அந்த இடைவெளியில் காலமானார். ஆய்வேட்டை அட்டை கட்டி அவர் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன்.

அப்பாவிடம் இரண்டாம் அமர்வுக்கு முந்தின வாரம்தான் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாதோ என்று பயந்துகொண்டு சொன்னேன். அவர் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தெரிந்தவர்கள் பேரெல்லாம் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேரும் உனக்குச் சாட்சி இருக்கும்போது எதுக்கும்மா பயப்படுற" என்றார். அன்றிரவுதான் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். உங்கள் வீட்டிலும் ஒருவரிடமாவது சீக்கிரமே சொல்லிவிடுங்கள். எதிர்த்து நிற்க வேண்டிய நேரத்தில் ரகசியம் காப்பது இரட்டைச் சுமை.

முடிவு எனக்குச் சாதகமாக வந்தது. குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை, ஆய்வேடு ஏற்கப்படுகிறது என்று தெரிவித்தார்கள். பதிவுக் கட்டணத்தைத் திருப்பித் தர முடியாது என்றும் அதே மின்னஞ்சலில் இருந்தது. அதை எதிர்த்து எழுதினேன், பதில் மாறவில்லை. ஆனால் இன்னொன்றைக் கேட்டு வாங்கினேன், நீங்களும் கேட்டு வாங்குங்கள்: குற்றச்சாட்டு கைவிடப்பட்டது என்று பல்கலைக்கழகத் தலைப்புத் தாளில், கையெழுத்தோடு ஒரு கடிதம். மேற்படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது பழைய பதிவு எங்காவது தலைகாட்டினால் மின்னஞ்சல் உதவாது, அந்தக் கடிதம்தான் உதவும். மாணவர் பதிவேட்டில் 'விசாரணையில் உள்ளது' என்ற குறிப்பு நீக்கப்பட்டுவிட்டதா என்று நேரில் போய்ப் பாருங்கள். என் பதிவேட்டில் முடிவு வந்த பிறகும் அது அப்படியே இருந்தது. முகப்பில் இருந்த பெண்மணியிடம் கடிதத்தைக் காட்டி, அவர் கண்முன்னே நீக்குவதைப் பார்த்த பிறகே வந்தேன். கூடவே, கிடங்கில் இருக்கும் என் முன்வரைவையும் நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது நீங்காமல் இருந்தால், நாளைக்கு இந்த ஆய்வை விரித்து முதுகலைக்கு நான் எழுதும்போது மறுபடியும் அதே சிவப்பு நிறம் வரும்.